காணாமற்போன நாயும் கொடாததைக் கொள்ளாமையும்

(இரண்டாம் சீலம் பற்றிய பாடம்)

விகாரையில் கூடும்போதெல்லாம் திரிசரணத்தையும் பஞ்சசீலத்தையும் நாம் ஓதுகிறோம். பஞ்சசீலத்துள் இரண்டாவது, கொடாததைக் கொள்ளாமை. பாலி மொழியில் அதின்னாதானம் என வழங்கும் சொல்லுக்குக் கொடுக்கப்படாததை எடுத்துக்கொள்ளுதல் என்பதே பொருள். களவு என்னும் சொல்லைக் காட்டிலும் இது அகன்ற பொருளுடையது. பூட்டை உடைப்பதும் பிறர் மடியில் கை வைப்பதும் களவென்பதைச் சிறு குழந்தையும் அறியும். அவற்றைச் செய்யாதிருப்பதாலேயே இரண்டாம் சீலத்தை முழுதும் காத்துவிட்டோம் என்று அமைதி கொள்ளுதல் ஆகாது. சீலம் சோதிக்கப்படும் இடங்கள் பெரும்பாலும் சிறியவை. அன்றாட வாழ்வில் ஓசையின்றி வந்து நிற்பவை. அவற்றுள் ஒன்றை இப்பாடத்திற்கு எடுத்துக்கொண்டோம். காணாமற்போன நாயைத் தேடுவதும், கண்டவர் அதைத் திருப்பித் தருவதும், உடையவர் அதை மீளப் பெறுவதுமே அது.

நாயைப் பற்றியும் ஒரு பாடமா என்று சிலர் நகைக்கக்கூடும். உழைப்பாளர் வீட்டை அறிந்தவர் நகையார். கோலார் தங்கவயலை எண்ணிப் பாருங்கள். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டபின், அங்குள்ள தமிழ்க் குடும்பத்தினர் பலர் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். பகற்பொழுதில் லைன் வீடுகளில் எஞ்சியிருப்போர் முதியோரும் சிறுவருமே. அவ்வீட்டு வாசலிற் படுத்திருக்கும் நாய் ஆடம்பரப் பொருளன்று. அது காவலாள், பள்ளியினின்று திரும்பும் பிள்ளையை எதிர்கொள்ளும் முதல் தோழன். அது ஒரு மாலை காணாமற்போயின் அவ்வீட்டில் விளையும் துயரம் மெய்யான துயரமே.

பாபாசாகிப் அம்பேத்கர் 1956ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நாகபுரியில் தம்ம தீட்சை பெற்று, தம்மைப் பின்பற்றியோர்க்கு அளித்த 22 உறுதிமொழிகளை நாம் அறிவோம். எல்லா உயிர்களிடத்தும் கருணையும் அன்பும் கொண்டு அவற்றைக் காப்பதாக ஏற்கும் உறுதிமொழியும், களவு செய்யாதிருப்பதாக ஏற்கும் உறுதிமொழியும் அவற்றுள் அடுத்தடுத்து நிற்கின்றன. காணாமற்போன நாயின் செய்தியில் இவ்விரண்டும் ஒருங்கே சோதிக்கப்படுகின்றன.

வழியிற் கிடக்கும் பணப்பையைக் காட்டிலும் வழிதவறிய நாய் நம்மைக் கடுமையாகச் சோதிக்கும். பணப்பை கிடந்த இடத்திலேயே கிடக்கும். அதை நாம் குனிந்து எடுக்கவேண்டும். எடுக்கும்போதே மனம் உறுத்தும். நாயோ தானாகவே நம் வாசலுக்கு வருகிறது, வாலை ஆட்டுகிறது, நாம் இட்ட சோற்றை உண்கிறது, நம் காலடியில் உறங்குகிறது. ‘நாம் எதையும் எடுக்கவில்லையே, அதுவாகத்தானே வந்தது’ என்று மனம் நியாயம் பேசத் தொடங்குகிறது. இம்முடிச்சை அவிழ்ப்பதே இப்பாடத்தின் நோக்கம். தானே வந்தது என்பதால் அது நமக்குக் கொடுக்கப்பட்டதாகாது. கொடுப்பதற்கு உரியவர் வேறொருவர் இருக்கின்றார்; அவர் இந்நேரத்தில் தெருத்தெருவாக அதைத் தேடிக்கொண்டிருக்கின்றார்.

1. காரணத்தைத் தேடுக, குறி கேளாதீர்

நாய் காணாமற்போனவுடன் நம்மவருட் சிலர் இன்றும் பழைய பழக்கத்தை விடாது குறி சொல்வோரை நாடுகின்றனர். வெற்றிலையில் மை தடவிப் பார்ப்பவரிடம் சென்று, நாய் கிழக்கே போயிற்றா, மேற்கே போயிற்றா என்று வினவுகின்றனர். தட்சிணையைப் பெற்றுக்கொண்டு அவர் ஒரு திசையைக் கூறுகிறார். தேடுவோர் அத்திசையில் ஒரு நாளைப் போக்குகின்றனர். பொருளும் போயிற்று, தேடுதற்குரிய முதல் நாளும் போயிற்று. இதனினும் கொடிது, ‘நாயைக் கறுத்த மேனியுடைய ஒருவர் பிடித்து வைத்திருக்கிறார்’ என்பது போன்ற சொற்களால் அண்டை அயலார்மீது எழும் ஐயம். அவ்வையத்தால் பிளவுபட்ட உறவு நாய் திரும்பிய பின்னும் கூடுவதில்லை.

பகவான் புத்தர் போதித்தது காரணகாரிய நெறி. இது இருப்பதால் அது உண்டாகிறது. இது இல்லையேல் அது இல்லை. நாய் காணாமற்போனதற்கும் காரணம் உண்டு. அக்காரணத்தை ஆராய்ந்தால் தேடவேண்டிய இடம் ஓரளவு விளங்கும். தீபாவளி வெடிக்கு அஞ்சி ஓடிய நாய் தொலைவு ஓடினும், பின் ஒரு மறைவிடத்தில் ஒடுங்கிக் கிடக்கும். இணைதேடிச் சென்ற ஆண் நாய், வேறு நாய்கள் கூடும் இடங்களிற் காணப்படும். அண்மையில் வீடு மாறிய குடும்பத்தின் நாய் பழைய வீட்டை நோக்கிச் சென்றிருக்கலாம். முதுமையால் கண்ணும் செவியும் மங்கிய நாய், அருகிலேயே வழியறியாது நிற்கும். ஆகவே முதலில் கேட்கவேண்டிய கேள்வி, ‘யார் திருடினார்?’ என்பதன்று, ‘எக்காரணத்தால், எந்நேரத்தில், எவ்வழியாக வெளியேறிற்று?’ என்பதே.

இங்குக் குக்குர ஜாதகத்தை நினைவிற் கொள்ளுதல் நன்று. வாரணாசி வேந்தனின் தேரிலிருந்த தோல்வார்கள் மழையில் நனைந்து, ஓரிரவில் நாய்களாற் கடித்துத் தின்னப்பட்டன. வெளியிலிருந்து வந்த நாய்களே குற்றவாளிகள் என்று அரசன் கருதி, நகரிலுள்ள நாய்களையெல்லாம் கொல்ல ஆணையிட்டான். சுடுகாட்டில் வாழ்ந்த நாய்த்தலைவனாகப் பிறந்திருந்த போதிசத்துவர் அஞ்சாது அரண்மனை புகுந்து, ஆராயாது அளித்த தண்டனை நீதியன்று என்று எடுத்துரைத்தார். அவர் கூறியவாறே அரண்மனை நாய்களுக்கு மோரும் தருப்பைப் புல்லும் கலந்து ஊட்டியபோது, அவை தாம் தின்ற தோலைக் கக்கின. குற்றம் அரண்மனைக்குள்ளே இருந்தது. தண்டனையோ வெளியிலிருந்தோர்மேல் விழுந்தது. எங்கேனும் ஒரு பொருள் காணாமற்போயின் முதலில் சேரியை நோக்கி விரல் நீட்டும் வழக்கத்தால் நம் முன்னோர் பட்ட துன்பத்தை நாம் மறந்தோமல்லோம். அத்தகைய நாம், நம் நாய் காணாமற்போன அன்று இன்னொரு தெருவாரை நோக்கி ஆராயாது விரல் நீட்டுதல் எங்ஙனம் தகும்?

2. தேடும் முறை

தேடுதல் முயற்சியாகும், புலம்பல் முயற்சியாகாது. நல்முயற்சி எண்வகை நெறியின் ஓர் உறுப்பு. ஆதலின் தேடுவோர் கீழ்க்கண்டவற்றை முறையாகச் செய்க.

முதலாவது, வீட்டையும் அதைச் சுற்றியுள்ள இடங்களையும் நன்கு பார்க்கவேண்டும். கட்டிலின் அடி, விறகு அடுக்கிய மூலை, நிறுத்திய வண்டிகளின் அடி, கட்டி முடியாத வீடுகள், பாலத்தடி, சாக்கடைக் குழாய் ஆகியவற்றில் அஞ்சிய நாய் ஒளிந்திருக்கும். வீட்டில் ஒருவர் இருந்தே ஆகவேண்டும். நாய் தானே திரும்பி வந்து, கதவு சாத்தியிருப்பதைக் கண்டு மீண்டும் போய்விடுதல் உண்டு. அதன் படுக்கைத் துணியையும் வீட்டார் உடுத்திய பழந்துணியையும் தண்ணீரையும் வாசலில் வைத்தல் வேண்டும். நாய்க்கு மோப்பமே வழிகாட்டி.

இரண்டாவது, தெருவில் நடமாடுவோரைக் கேட்கவேண்டும். விடியலில் தெருவைக் காண்பவர் பால்காரரும், செய்தித்தாள் போடும் பிள்ளைகளும், துப்புரவுப் பணியாளருமே. தேநீர்க்கடைக்காரரும், தெருநாய்க்குச் சோறிடும் இரக்கமுள்ளோரும் புதிய நாய் ஒன்று வந்தால் உடனே அறிவர். இவர்களிடம் பணிவாக, நாயின் படத்தைக் காட்டிக் கேட்பது நூறு வீண் அலைச்சலுக்கு மேலானது.

மூன்றாவது, அண்மையிலுள்ள கால்நடை மருத்துவமனை, காவல் நிலையம், நகராட்சியின் நாய்க் கருத்தடை நிலையம் ஆகியவற்றிற்கு நேரிற் செல்லவேண்டும். கழுத்துப்பட்டை அவிழ்ந்த வீட்டு நாயைத் தெருநாயென்று கருதி வண்டியில் ஏற்றிச் செல்லுதல் உண்டு. காலந்தாழ்த்தின் அதை மீட்பது அரிதாகும்.

நான்காவது, அறிவிப்பு. படம், நிறம், காணாமற்போன இடம், நாள், தொலைபேசி எண் ஆகியவை போதும். நாயின் எல்லா அடையாளங்களையும் அறிவிப்பில் எழுதலாகாது. வயிற்றடியில் ஒரு வெண்புள்ளி, வாயினுள் ஒடிந்த ஒரு பல், பின்னங்காலில் ஒரு பழைய வடு என ஏதேனும் ஒன்றை வெளியிடாது வைத்துக்கொள்ளவேண்டும். இதன் பயன் அடுத்த பகுதியில் விளங்கும். ‘நாய் எம்மிடம் உள்ளது, முதலில் பணம் அனுப்புக’ என்று தொலைபேசியிற் கூறுவோரிடம் அம்மறைவான அடையாளத்தைக் கேட்டால் உண்மை வெளிப்படும்.

ஐந்தாவது, கண்டவுடன் கூவிக்கொண்டு துரத்தலாகாது. அஞ்சிய நாய் தன் வீட்டாரையே அடையாளம் அறியாது ஓடும். சாலையில் ஓடி வண்டியில் அடிபடும். சற்றுத் தொலைவில் தரையில் அமர்ந்து, அதை நேரே உற்றுநோக்காது, பழகிய மெல்லிய குரலில் பேசி, உணவை அருகிலிட்டுப் பொறுமையுடன் இருத்தல் வேண்டும். அதிகாலையும் பின்னிரவும் இதற்கு ஏற்றவை. சாந்தி என்னும் பாரமிதையைப் பற்றி நாம் கேட்டிருக்கிறோம். பொறுமையாகிய அதைப் பழகுதற்கு இதனினும் நல்ல இடம் வேண்டுமோ?

3. கண்டவர் கடமை

வழிதவறிய நாயைக் கண்டவர் என் செய்யவேண்டும்? இதற்கு விநயபிடகத்திலேயே ஒரு வழிகாட்டுதல் உளது. அச்சிரவதி ஆற்றில் நீராட வந்த அந்தணர் ஒருவர் ஐந்நூறு காசுள்ள பையைக் கரையில் மறந்து சென்றார். அதைக் கண்ட ஒரு பிக்கு, பொருள் கெட்டுப்போகாதிருக்கட்டும் என்னும் நல்லெண்ணத்தால் எடுத்து வைத்தார். திரும்பி வந்த அந்தணரிடம் அதைக் கொடுத்தும்விட்டார். கண்டெடுத்தவர்க்கு வெகுமதி தரும் வழக்கத்தினின்று தப்ப எண்ணிய அந்தணர், ‘இருந்தது ஐந்நூறன்று, ஆயிரம்’ என்று கூறிப் பிக்குவைத் தடுத்து நிறுத்தி வருத்தினார். இதன்பின், பிக்குகள் பிறர் விட்ட விலையுயர்ந்த பொருளை எடுக்கலாகாது என்னும் விதி ஏற்பட்டது. விசாகை என்னும் உபாசிகை விகாரையில் தம் அணிகலனை மறந்து சென்ற நிகழ்ச்சிக்குப்பின், தாம் வாழும் இடத்தில் கிடந்த பொருளாயின் எடுத்துப் பாதுகாக்கவேண்டும் என்று அவ்விதி திருத்தப்பட்டது. பாதுகாக்கும்போது, ‘உரியவர் வந்து பெற்றுக்கொள்வார்’ என்னும் எண்ணத்துடன் வைத்திருத்தல் வேண்டும் என்பதும் அவ்விதியின் பகுதியே.

அதன் விளக்கத்தில் முறையும் கூறப்பட்டுள்ளது. எடுத்த பொருளின் வடிவத்தையும் அடையாளத்தையும் முதலில் நன்கு குறித்துக்கொள்ளவேண்டும். பொருளை இழந்தவர் வருக என்று அறிவிக்கவேண்டும். ஒருவர் வந்து கேட்டால், ‘உம் பொருள் எத்தகையது?’ என்று அவரையே வினவவேண்டும். அவர் கூறும் வடிவமும் அடையாளமும் பொருந்தினால் கொடுத்துவிடவேண்டும். பொருந்தாவிடில், தேடிப் பாரும் என்று கூறி அனுப்பவேண்டும். அவ்விடத்தை விட்டு நீங்க நேரின், தக்கவர் கையில் அதை ஒப்படைத்துச் செல்லவேண்டும்.

உபாசக உபாசிகைகளே, இதனை நாய்க்குப் பொருத்திப் பாருங்கள். ஒரு சொல்லும் மாற்றவேண்டியதில்லை. நாயைக் காப்பாற்றி நீரும் உணவும் தருக. அதன் அடையாளங்களைக் குறித்துக்கொள்க. கழுத்துப்பட்டை இருப்பின் அதிலுள்ள எழுத்தைப் பார்க்க. கால்நடை மருத்துவரிடம் காட்டின், தோலின் அடியில் 15 இலக்க எண்ணுள்ள நுண்சில்லு பதிக்கப்பட்டுள்ளதா என்பதைக் கருவியால் அறிந்து சொல்வார். தெருவில் அறிவிப்பு ஒட்டுக. ஆயின் ஓர் அடையாளத்தை வெளியிடாது வைத்துக்கொள்க. உரிமை கோரி வருபவரிடம், ‘இந்த நாய்தானே?’ என்று காட்டிக் கேளாதீர். ‘உம் நாய் எத்தகையது?’ என்று கேளுங்கள். நாய் வாலாட்டியதை மட்டும் சான்றாகக் கொள்ளலாகாது. எவரிடமும் வாலாட்டும் நாயும் உண்டு. அச்சத்தால் உரியவரிடமே செல்லத் தயங்கும் நாயும் உண்டு. பழைய படங்களும், தடுப்பூசிச் சீட்டும், மறைவான அடையாளமும் ஒன்றையொன்று தாங்கி நிற்குமாயின் ஐயமின்றித் தருக.

நாட்டுச் சட்டமும் இதனோடு இயைந்தே செல்கிறது. கண்டெடுத்த பொருளைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டவர், பாதுகாப்புக்காக ஒப்படைக்கப்பட்ட பொருளைப் போலவே அதைப் பேணவேண்டும் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆம் பிரிவு கூறுகிறது. உரியவரை அறிந்திருந்தும், அல்லது அறிய வழியிருந்தும், அதைத் தமதாக்கிக்கொள்வது குற்றவியற் சட்டத்தின்படி குற்றமாகும். எனினும் சட்டத்திற்கு அஞ்சிக் கொடுப்பது வேறு. சீலத்தால் கொடுப்பது வேறு. உரையாசிரியர்கள் அதின்னாதானத்திற்கு ஐந்து உறுப்புகள் கூறுவர். பொருள் பிறருடையதாதல், பிறருடையது என்று அறிதல், கவரும் எண்ணம், அதற்கான முயற்சி, கவர்தல் என்பன அவை. நாயை வீட்டினுள் விட்டபோது கவரும் எண்ணம் இல்லை, அது கருணை. தெருமுனையில் அதே நாயின் படத்தைக் கண்டபின் வாயை மூடிக்கொண்டு வீடு திரும்பினால், அந்தக் கணத்தில் கருணை களவாக மாறத் தொடங்குகிறது. நாய் மாறவில்லை, வீடு மாறவில்லை, எண்ணமே மாறியது.

4. உடையவர் கடமை

கண்டவர்க்கே சீலம், உடையவர்க்கு இல்லை என்று கருதற்க. ஆற்றங்கரை அந்தணரின் பொய்யை மீண்டும் எண்ணுக. வெகுமதி தருவதாக அறிவித்துவிட்டு, நாய் கைக்கு வந்தபின், ‘நாய் இளைத்துவிட்டது’, ‘நீரே பிடித்து வைத்திருந்தீர்’ என்று கூறி விலகுவோர் அவ்வந்தணரின் வழியினரே. இது நான்காம் சீலத்தையும் குலைக்கும். தர இயலாத தொகையை அறிவிக்கலாகாது. அறிவித்ததைத் தராதிருத்தலும் ஆகாது. அறிவித்த வெகுமதியை வழக்கிட்டுப் பெறவும், பொருளைப் பேணிய செலவு கிடைக்கும் வரை அதைக் கைவிடாது வைத்திருக்கவும் கண்டவர்க்கு மேற்கூறிய சட்டத்தின் 168ஆம் பிரிவு உரிமை அளிக்கிறது. எளிய குடும்பம் ஒன்று தன் சோற்றிற் பங்கிட்டு நாயைக் காத்திருக்கும். மருத்துவர்க்கும் பணம் கொடுத்திருக்கும். அச்செலவைக் கேளாமலே தருவது உடையவரின் மாண்பு. வேண்டாவென்று அவர் மறுப்பின் நன்றியை வாயாரக் கூறுக. பிள்ளைகளையும் அழைத்துச் சென்று கூறச் செய்க.

5. பழகிவிட்டதே, என் செய்வது?

இனி மிகக் கடினமான நிலையைக் கருதுவோம். தீபாவளி இரவில் சாம்பியன் ரீப்பில் ஒரு வீட்டு நாய் ஓடிப்போய், ஆண்டர்சன்பேட்டையில் ஒரு வீட்டை அடைந்தது என்று வைத்துக்கொள்வோம். அவ்வீட்டார் விசாரித்தும் உரியவர் கிடைக்கவில்லை. ஐந்து திங்கள் கழிந்தன. நோயுற்றிருந்த அவ்வீட்டுச் சிறுமி நாயின் துணையால் மகிழ்ந்து எழுந்தாள். அப்போது உரியவர் வந்து, அடையாளங்களையெல்லாம் பிழையின்றிக் கூறுகிறார். கொடுக்கத்தான் வேண்டுமோ?

வேண்டும். ஐந்து திங்கள் இட்ட சோறு தானமாகும், தானம் விலையன்று. சோற்றை விலையாக்கி நாயை அதற்கு ஈடாகக் கொள்ளின், செய்த தானமும் அழியும். சுனக ஜாதகத்திற் பணம் கொடுத்தே நாயை வாங்கியவன் நிலையையும் காண்கிறோம். வாரணாசியில் ஒருவனிடம் பொருள் கொடுத்து நாயை வாங்கிய ஊரான் ஒருவன், அதைத் தோல்வாரால் கட்டி இழுத்துச் சென்றான். வழியில் ஒரு சாவடியில் அவன் உறங்கியபோது, நாய் வாரைக் கடித்தறுத்துத் தன் பழைய வீட்டுக்கே ஓடிவிட்டது. விலை கொடுத்தவனாலும் நாயின் உள்ளத்தைக் கட்டிவைக்க இயலவில்லை. நாய் பொருளென்று சட்டம் கொள்ளினும், அது உயிரும் நினைவும் உடையது. அதற்கும் ஒரு வீடு நினைவில் உண்டு.

ஆயின் அச்சிறுமியின் கண்ணீருக்கு என்ன விடை? தம்மத்தில் அதற்கும் வழியுண்டு. கொடாததைக் கொள்ளலாகாது என்றதேயன்றிக் கேட்டுப் பெறலாகாது என்று சீலம் கூறவில்லை. நாயை முன்னிறுத்தி, நடந்ததை மறைக்காது கூறி, ‘ஐயா, இது உம்முடையது. எங்கள் பிள்ளை இதனிடம் பழகிவிட்டாள். உமக்கு மனமிருந்தால் எங்களுக்குத் தருக. மனமில்லையேல் அவ்வப்போது வந்து பார்க்க இசைவு தருக’ என்று கேட்பதில் இழிவொன்றும் இல்லை. உரியவர் இசைந்தால் அது கொடுக்கப்பட்ட பொருளாகிவிடும். இசையாவிடினும் பகை இல்லை; இரண்டு குடும்பங்கள் உறவாகும். நாயை ஒளித்து வைத்து, ‘இங்கு வரவில்லை’ என்று கூறியிருந்தால், அந்தப் பிள்ளை நாயைப் பெற்றிருப்பாள். அதனோடு பொய்யையும் கற்றிருப்பாள்.

உரியவர் கொடியவர் என்று அறிந்தால்? நாயின் முதுகில் அடித்த வடுக்கள் இருப்பின்? இவ்விடத்தில் மணிமேகலைக் காப்பியத்து ஆபுத்திரனை எவரும் எடுத்துக்காட்டுவர். வேள்விக்கென நிறுத்திய பசுவை அவன் இரவில் ஓட்டிச் சென்றானன்றோ என்பர். சென்றான், ஆனால் தன் தொழுவத்தில் கட்டுதற்காக அன்று. கொலை அடுத்திருந்தது, தனக்கென ஒன்றும் வேண்டாது உயிரைக் காத்தான். பிடிபட்டபோது பொய்யுரையாது, பால் தரும் பசு உமக்குச் செய்த தீங்கு யாது என்று நேர்நின்று கேட்டான். அதற்காக அடியும் பட்டான். அவன் பெயரைச் சொல்லி, நமக்குப் பிடித்த நாயை வைத்துக்கொள்ள வழிதேடுதல் அவனுக்குப் பெருமை சேர்ப்பதாகாது. கொடுமை மெய்யாயின் ஊர்ப் பெரியோர் முன்னும் சங்கத்தார் முன்னும் வெளிப்படையாகக் கூறுக. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் அடித்து வதைத்தலையும், பசியால் வாடும்படி கைவிடுதலையும் குற்றமெனக் கூறுகிறது. அதன்படி காவல் நிலையத்தில் முறையிடுக. ஒளித்தல் நமக்கு வழியன்று, வெளிப்படையே வழி.

6. திரும்பிய நாயை ஏற்கும் முறை

நாய் திரும்பியதும் சிலர், ‘எங்கே போனாய்?’ என்று தடியெடுக்கின்றனர். இது முதற் சீலத்திற்கு மாறானது, அறிவிற்கும் மாறானது. நேற்று ஓடியதற்கு இன்று அடிக்கிறார் என்று நாய் அறியாது. தான் அப்போது செய்த செயலோடுதான் அடியைச் சேர்த்தறியும். அப்போது அது செய்த செயல் யாது? வீட்டிற்கு வந்தது. ஆகவே வீட்டிற்கு வந்தால் அடி என்று கற்றுக்கொள்ளும். அடுத்தமுறை அழைத்தாலும் அருகில் வாராது. திரும்பி வந்தமைக்கு அன்பே கூலி.

பட்டினி கிடந்த நாய்க்கு ஒரே முறையில் வயிறுநிறைய உணவிடாது, நீரும் எளிய உணவும் சிறிது சிறிதாகத் தருக. பாதத்தில் முள்ளோ வெடிப்போ உளதா, காதிலும் கக்கத்திலும் உண்ணி உளதா, உடலில் கடிவாய் உளதா என்று நல்ல வெளிச்சத்தில் ஆராய்க. கடிவாய் இருப்பின் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டி, வெறிநோய்த் தடுப்பூசி மீண்டும் போடவேண்டுமா என்று அறிக. தேடிப் பிடித்தபோது எவரையேனும் நாய் கடித்திருந்தால், அவர் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டுத் தாமதியாது மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ளவேண்டும். மஞ்சளும் மந்திரமும் இந்நோயைத் தடுக்கா. நோய் தோன்றியபின் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. நாயின் காது நுனி வெட்டப்பட்டிருப்பின் எவரோ செய்த கொடுமையென்று வெகுளற்க. கருத்தடை செய்யப்பட்ட நாய்க்கு இடும் அடையாளம் அது.

சில நாட்கள் நாயைக் கூட்டம் சூழவிடாது அமைதியாக உறங்கவிடுக. வெளியே கூட்டிச் செல்லும்போது கயிற்றை விடாதீர். பின்னர் அது வெளியேறிய காரணத்தை நீக்குக. வேலியில் இடைவெளி இருந்தால் அடைக்க. வெடிச்சத்தம் காரணமாயின், பண்டிகை நாட்களில் மாலைக்கு முன்பே வீட்டினுள் வைக்க. தொலைபேசி எண் பொறித்த கழுத்துப்பட்டை அணிவிக்க. துக்கத்தின் காரணத்தை நீக்காது துக்கம் நீங்கிற்றென்று இருத்தல் பௌத்தர்க்கு அழகன்று.

7. கிடைக்காவிடில்

எல்லா முயற்சியும் செய்தும் நாய் கிடைக்காதிருத்தல் உண்டு. அன்பிற்குரியதைப் பிரிதல் துக்கம் என்று பகவான் புத்தர் முதல் உண்மையிலேயே கூறினார். ஆகவே அழுவோரை நாம் இகழோம். ஆயின் கதவைத் திறந்து வைத்த பிள்ளையை நாள்தோறும் குற்றம் கூறி வருத்துதல், ஓர் இழப்பை இரண்டாக்குவதாகும். பிள்ளை கதவை மறந்தது. வேலியை அடைக்காதவர் பெரியவர். அப்பிள்ளையை அருகழைத்து, எங்கிருப்பினும் அந்நாய் நலமாயிருக்கவேண்டும் என்று மைத்திரி பாவனை செய்யக் கற்பியுங்கள். அதன் பங்குச் சோற்றைத் தெருவிலுள்ள மற்றொரு நாய்க்கு இடச் செய்யுங்கள். நம் நாய்க்கு இந்நேரம் யாரோ ஒருவர் சோறிடவேண்டும் என்று நாம் விழைகிறோம். அந்த ஒருவராக வேறொரு நாய்க்கு நாம் ஆவோம்.

வகுப்பில் ஆராய்தற்குரிய வினாக்கள்

1. வழிதவறிய நாயை வீட்டில் சேர்ப்பது எந்நிலையில் கருணையாகவும் எந்நிலையில் களவாகவும் ஆகிறது?

2. உரிமை கோரி வருபவரிடம் அடையாளம் கேட்கும் முறையை விநயம் எவ்வாறு கூறுகிறது? ஓர் அடையாளத்தை வெளியிடாது வைப்பதன் பயன் யாது?

3. குறி கேட்பதால் தேடுவோர்க்கும் அண்டை அயலார்க்கும் விளையும் கேடுகள் யாவை?

4. ஆண்டர்சன்பேட்டைச் சிறுமியின் வீட்டார் நீங்களாயின், உரியவரிடம் என்ன பேசுவீர்கள்? உரியவர் நீங்களாயின், என்ன விடை கூறுவீர்கள்?

5. திரும்பிய நாயை அடித்தல் எக்காரணத்தால் அறமுமன்று, அறிவுமன்று?

இவற்றுள் நான்காம் வினாவை வகுப்பினர் இரு பிரிவாகப் பிரிந்து இரு பக்கமும் நின்று பேசிப் பார்த்தல் நலம். கொடுப்பவர் நிலையிலும் பெறுபவர் நிலையிலும் மாறிநின்று பார்த்தவர்க்கே இரண்டாம் சீலத்தின் பொருள் முழுதும் விளங்கும்.